துண்டைச் சுருட்டி மார்பில் வையுங்கள்

பெஞ்ச் பிரஸ், அதாவது பெஞ்சில் மல்லாந்து படுத்து எடைக் கம்பியான பார்பெல்லை மார்புக்கு மேலே தூக்கும் பயிற்சி, முடித்து எழுந்த பையன் ஒருவன் தோளின் உச்சியை ஒற்றை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டான். அந்த விரல் போய் நிற்கும் இடம் எனக்கு மனப்பாடம். காறை எலும்பின் வெளிமுனை தோள்பட்டை எலும்போடு சேரும் சின்னஞ்சிறு மூட்டு அது. உடலைச் சூடுபடுத்தாமல் எடை தூக்குவது பற்றியெல்லாம் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் விட்டுவிடுகிறேன். இந்த மூட்டு வலிக்கும்போது செய்யும் மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

வலி போனதும் பழையபடி தூக்குவது

என்னிடமிருந்து எட்டு மாதங்களைப் பறித்த தவறு இது. இன்னும் எரிச்சலாக இருக்கிறது. வலித்தால் நான்கு நாள் ஓய்வு. வலி அடங்கியதும் அதே எடை, அதே அகலப் பிடி. இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாமல் போன பிறகும் நிறுத்தவில்லை. முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாததால் அன்று மாலையே மறுபடியும் பெஞ்சில் படுத்தேன். தொடக்கத்தில் எக்ஸ்ரே இப்படி ஏமாற்றும். எம்.ஆர்.ஐ.யில்தான் எலும்பு முனையின் வீக்கம் தெரிந்தது.

நடப்பது இதுதான்: திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பு முனையில் நுண்ணிய விரிசல்கள் விழுகின்றன. அவை ஆறுவதற்குள் அடுத்த சுமை வருகிறது. முனை கரையத் தொடங்குகிறது. 1982இல் கேஹில் என்ற மருத்துவர் இந்தச் சிக்கல் உள்ள 46 ஆண் விளையாட்டு வீரர்களைப் பற்றி எழுதினார். அவர்களில் 45 பேர் எடைப் பயிற்சி செய்தவர்கள்.

பார்பெல் மார்பை நெருங்கும்போது முழங்கை உடலுக்குக் கீழே இறங்குகிறதே, அந்தக் கடைசிச் சில சென்டிமீட்டர்தான் மூட்டைப் பதம் பார்க்கிறது. மார்பில் துண்டைச் சுருட்டி வைத்து, 4 முதல் 6 சென்டிமீட்டர் மேலேயே பார்பெல்லை நிறுத்துங்கள். பிடியின் அகலம் தோள் அகலத்தைப் போல் ஒன்றரை மடங்கைத் தாண்ட வேண்டாம். மார்பைத் தொடாவிட்டால் கணக்கில் சேராது என்பவர்கள் உங்கள் தோளைக் கடன் வாங்கப்போவதில்லை.

டிப்ஸ் (இணைக் கம்பிகளில் கையூன்றி உடலை இறக்கி ஏற்றும் பயிற்சி) செய்வது

வலி இருக்கும்வரை கிட்டே போகாதீர்கள்.

ஊசி போட்டுக்கொண்டு மறுநாளே தூக்குவது

மறைவது வலி மட்டும்தான்.

விழுந்து அடிபட்டதையும் இதையும் குழப்பிக்கொள்வது

விழுந்தவுடன் காறை எலும்பின் முனை மேடாகத் துருத்தினால் தசைநார் கிழிந்திருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போங்கள்.

அந்தப் பையனுக்குத் துண்டைச் சுருட்டிக் கொடுத்தேன். இரண்டு செட் வைத்துக்கொண்டான். பக்கத்துப் பெஞ்சில் ஆள் வந்ததும் எடுத்துக் கீழே போட்டுவிட்டான்.