முகம் காட்டிக் கேட்கும்போது செய்யும் தவறுகள்

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) உள்ளவர்களுக்கு முகபாவச் சோதனை, அதாவது முகப் படத்தைக் காட்டி அதில் என்ன உணர்ச்சி என்று கேட்கும் சோதனை, வைக்கப் புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லோரும் ஒரே குழியில்தான் விழுகிறார்கள். அறை அமைதியாக இருக்கணும், வெளிச்சம் வேணும் என்பதெல்லாம் தெரிந்ததே. அதை விடுவோம்.

சொல் வராததை முகம் தெரியாததாக எழுதுவது

எரிச்சல் இதில்தான். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரிடம் மூக்கைச் சுருக்கிய முகத்தைக் காட்டுகிறார்கள். "சாக்கடை ஓரமா நிக்கிற மாதிரி இருக்காரு" என்கிறார். 'அருவருப்பு' என்று சொல்லவில்லையாம், தவறு போட்டாயிற்று! அவர் முகத்தைச் சரியாகத்தான் படித்தார். அந்த ஏட்டுச் சொல்தான் அவர் வாயில் புழங்காது.

சோதனைக்கு முன் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சூழல் சொல்லுங்கள்: "சோத்துல புழு கிடந்தா மூஞ்சி எப்படிப் போகும்?" அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வையுங்கள். மதிப்பெண்ணைச் சோதனையின் கையேட்டின்படியே போடுங்கள். அவர் சொன்னதையும் அப்படியே ஓரத்தில் எழுதுங்கள்.

சொல் தெரிந்தும் மதிப்பெண் குறைந்தால்? உணர்ச்சிதான் புரியவில்லை என்று உடனே முடிவுகட்டக் கூடாது. இரண்டு படங்களை வைத்து "ரெண்டும் ஒரே ஆளா?" என்றும் கேளுங்கள். அதிலும் தடுமாறினால் கோளாறு கவனத்திலோ பார்வையிலோ இருக்கலாம். கெர், நீல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1993இல் காட்டியது இதைத்தான்: உணர்ச்சியே இல்லாத முகச் சோதனையிலும் நோயாளிகள் பின்தங்கினார்கள். இதைச் செய்யாமல் எழுதிய அறிக்கை வீட்டுக்குப் போனால் "அவனுக்கு நம்ம மனசு புரியாதாம்" என்று ஆகிவிடும். பிறகு அவரிடம் யார் பேசுவார்கள்?

மொத்த எண்ணை மட்டும் எழுதுவது

பயத்தை ஆச்சரியம் என்பது நோயில்லாதவர்களும் செய்வதுதான். சும்மா இருக்கும் முகத்தைக் கோபம் என்று படிப்பது வேறு. பிறர் மேல் அவருக்குச் சந்தேகம் வளரும் இடம் அது. எதை எதுவென்று சொன்னார் என்பதைக் கட்டம் போட்டுக் குறியுங்கள்.

வெள்ளைக்கார முகங்கள்

இந்தச் சோதனைக்குப் பலரும் எடுக்கும் எக்மன், ஃப்ரீசன் என்ற ஆய்வாளர்களின் முகப் படத்தொகுப்பு 1976இல் வந்தது, கறுப்பு வெள்ளை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் உருவாக்கிய 'ட்ரெண்ட்ஸ்' தொகுப்பில் இந்திய முகங்களே இருக்கின்றன.

அவர் முகம் அசையவில்லையே?

மனநோய் மாத்திரையாலும் முகம் விறைக்கும். முகத்தில் காட்டாதவருக்குப் பிறர் முகம் படிக்க வராது என்று பொருளல்ல.

கண்ணாடி

நாற்பது தாண்டியவரா? கிட்டத்தில் பார்க்கக் கண்ணாடி வேணுமா என்று கேளுங்கள்.

இறங்கி வந்ததும் உட்கார வைப்பது

ஏற்காட்டு மலையிலிருந்து இறங்கி வருகிறவருக்கு இருபது கொண்டை ஊசி வளைவு, குமட்டல், காலை மாத்திரையின் தூக்கம். டீ குடித்து அரை மணி நேரம் போகட்டும். கை நடுக்கத்துக்கு ட்ரைஹெக்சிபெனிடில் சாப்பிடுகிறாரா, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு என்று தாளின் மேலேயே குறியுங்கள். அது ஞாபகத்தை மங்கவைக்கும் மருந்து. ஞாபகச் சோதனையில் எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்லும்போது அவர் திணறினால் முதலில் அந்த வரியைத்தான் பார்க்க வேண்டும்.