கார்னரின் அப்பா ரிசீவரைப் பார்க்கும் விதம்

ஓஹையோவின் கொலம்பஸ் நகருக்கு வெளியே ஒரு உயர்நிலைப் பள்ளி அமெரிக்க ஃபுட்பால் டீமில் என் மகன் நான்கு வருடம் கார்னர்பேக்காக ஆடினான். பந்தைப் பிடிக்க ஓடும் எதிரணி ரிசீவரைத் தடுப்பதுதான் கார்னரின் வேலை. அந்த நான்கு வருடமும் வெள்ளிக்கிழமை இரவுகளில் பிரஸ் பாக்ஸ் (பத்திரிகையாளர் அறை) கூரையில் நின்று டீமுக்கு வீடியோ எடுத்துக் கொடுத்தேன். அமெரிக்க ஃபுட்பால் எனக்குப் புரிய ஆரம்பித்ததே அந்தக் கூரையில்தான். ஒருநாள் காரில் திரும்பும்போது, "எந்த மாதிரி ரிசீவர் எதிர்ல வந்தா உனக்குப் பயம்?" என்று கேட்டேன். "வேகமா ஓடுறவன் இல்லப்பா. எந்த ரூட்டா இருந்தாலும் ஒரே மாதிரி கிளம்புவான் பாருங்க, அவன்தான்" என்றான். ரூட் என்றால் ரிசீவர் ஓட வேண்டிய, முன்பே தீர்மானித்த பாதை.

அந்த பதிலை வைத்துத்தான் இன்றுவரை கல்லூரி ரிசீவர்களைப் பார்த்து வருகிறேன். செப்டம்பர் முதல், தொழில்முறை டீம்கள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் ஏப்ரல் டிராஃப்ட் வரை இருபது பேருக்கு ஆளுக்கொரு பக்கம் நோட்டில் எழுதுவேன். என்எஃப்எல் என்ற தொழில்முறை லீகில் இந்தப் பையன் நிலைப்பானா என்பதுதான் கேள்வி. நீங்களும் செய்ய விரும்பினால், நான் செய்யும் முறை இது.

முதலில், எதைப் பார்ப்பது என்று முடிவு செய்யுங்கள். ஹைலைட் வீடியோ வேண்டாம். அதில் பிடித்த பந்துகள் மட்டும்தான் இருக்கும். டிவி ஒளிபரப்பிலும் ஒரு சிக்கல்: கேமரா பந்தைத் தொடரும், ஸ்னாப் ஆன, அதாவது பந்து ஆட்டத்துக்கு வந்த, இரண்டு நொடியில் ரிசீவர் திரையை விட்டுப் போய்விடுவான். மைதானம் முழுவதும் தெரியும்படி மேலிருந்து எடுத்த பயிற்சியாளர் வீடியோ கல்லூரி ஆட்டங்களுக்கு நம் போன்றவர்களுக்கு எளிதில் கிடைக்காது. அதனால் முடிந்தபோதெல்லாம் நான் நேரில் போகிறேன். மைதானத்தின் முனையான எண்ட் ஸோனுக்குப் பின்னால், மேல் தளத்தில், யாரும் விரும்பாத இருக்கைதான் இதற்கு நல்ல இருக்கை. ரிசீவரும் கார்னரும் எதிரெதிரே நிற்பது முழுதாகத் தெரியும். போக முடியாத ஆட்டங்களுக்கு, ரீப்ளேயில் பின்பக்கக் கோணம் வரும்போது நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

ஒரு பையனுக்கு நான்கு ஆட்டம் போதும், ஆனால் தேர்ந்தெடுத்த நான்கு. அவன் எதிர்கொண்டதிலேயே வலுவான கார்னருக்கு எதிராக ஒன்று. அவன் டீம் தோற்றது ஒன்று. சாதாரண ஆட்டம் ஒன்று. முந்தைய வருடத்து ஆட்டம் ஒன்று. இந்தக் கடைசியை விட்டுவிடாதீர்கள். காரணம் பின்னால் வருகிறது. நான்கிலும் பந்து அவன் பக்கம் வராத ஸ்னாப்களையும் பாருங்கள். என் நோட்டில் பாதிக்கு மேல் அவற்றைப் பற்றித்தான் இருக்கும். பந்து வந்ததா என்பது பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் கண்ணையும் அன்றைய திட்டத்தையும் பொறுத்தது. கார்னரிடமிருந்து விலகி நின்றானா என்பது அவன் காலைப் பொறுத்தது.

சரி, காலைப் பற்றி. கார்னர் மூக்குக்கு நேரே வந்து நிற்கும் பிரஸ் கவரேஜைத் தேடுங்கள். கல்லூரியில் பல டீம்கள் ஏழெட்டு யார்டு (ஒரு யார்டு மூன்று அடி) தள்ளியே நிற்பார்கள், அதனால் ஒரு ஆட்டத்தில் நான்கைந்து முறைதான் இது கிடைக்கும். கிடைத்த ஒவ்வொன்றையும் பத்து முறை ஓட்டிப் பார்ப்பேன். முதல் அடி முன்னால் போகிறதா, பின்னால் போகிறதா? சில பையன்கள் இருந்த இடத்திலேயே காலைத் தட்டித் தட்டி நடனம் ஆடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதற்குள் குவார்ட்டர்பேக்கின் நேரம் போய்விடும். கார்னர் நெஞ்சில் கை வைக்கும்போது அந்தக் கையைத் தட்டிவிடத் தெரிகிறதா, தோளைத் தாழ்த்தி நழுவுகிறானா? ஒரே ஒரு உத்தியை வைத்துக்கொண்டு எல்லாரையும் ஏமாற்றுபவன் கல்லூரியில் பிழைப்பான். மேலே, என்எஃப்எல்லுக்குப் போனதும் மூன்றாவது வாரத்திலேயே அந்த உத்தியை எல்லா கார்னரும் படித்துவிடுவார்கள்.

அடுத்து, என் மகன் சொன்ன விஷயம். ஐந்தாறு வெவ்வேறு ரூட்டுகளின் முதல் எட்டு யார்டை மட்டும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். ஆழமாக ஓடும் கோ ரூட்டுக்கும் பன்னிரண்டு யார்டில் நின்று திரும்பும் கர்லுக்கும் வித்தியாசம் தெரிகிறதா? தெரிந்தால், கார்னருக்கும் தெரியும். நல்லவன் இரண்டிலும் முழு வேகத்தில், நெஞ்சு தாழ்ந்து, கார்னரின் இடுப்பு திரும்பும்வரை அவனை நோக்கியே ஓடுவான். பிறகு நிற்க எத்தனை அடி எடுக்கிறான் என்று எண்ணுங்கள். மூன்று அடியில் நிற்பவன் பக்கத்தில் நான் நட்சத்திரம் போடுவேன். நெஞ்சை நிமிர்த்தி, கையை விரித்து, ஐந்தாறு அடி எடுத்து நிற்பவனுக்குக் கார்னர் கூடவே நின்றுவிடுவான்.

கல்லூரி மைதானமே ஒரு விதத்தில் ஏமாற்றும் என்பதையும் மனதில் வையுங்கள். ஒவ்வொரு ஆட்டமும் மைதானத்தின் நடுவிலுள்ள இரண்டு ஹாஷ் கோடுகளிலோ அவற்றுக்கு இடையிலோதான் தொடங்கும். அங்கே அந்தக் கோடுகளுக்கு இடையே 40 அடி. என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம்தான். கல்லூரியில் பந்து ஒரு ஹாஷ் கோட்டிலிருந்து தொடங்கினால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. அந்த 100 அடிப் பக்கத்தில் ஓடுபவனுக்கு இடம் கொட்டிக் கிடக்கும். அந்த விசாலம் மேலே கிடைக்காது. அதனால் குறுகிய பக்கத்தில் என்ன செய்தான் என்று தனியாக எழுதுவேன். அப்புறம், ஓரத்தில் பந்தைப் பிடிக்கும்போது கல்லூரியில் ஒரு கால் உள்ளே பட்டால் போதும், என்எஃப்எல்லில் இரண்டும் பட வேண்டும். ஓரப் பிடிப்பு ஒவ்வொன்றுக்கும் அருகில் 1 அல்லது 2 என்று குறியுங்கள். ஒன்று போதும் என்ற விதிக்குள்ளும் இரண்டாவது காலை உள்ளே இழுத்து வைக்கும் பழக்கம் ஒருவனுக்கு இருந்தால், அவன் எதற்காகத் தயாராகிறான் என்று புரியும்.

உரசலிலும் விதி வேறு. என்எஃப்எல்லில் ஐந்து யார்டுக்கு அப்பால் கார்னர் ரிசீவரை இடித்தால் தண்டனை. கல்லூரியில் பந்து கையை விட்டுக் கிளம்பும்வரை கார்னருக்கு அதைவிட அதிகச் சலுகை உண்டு. எனவே எட்டாவது யார்டில் இடி வாங்கியும் பாதை மாறாமல் ஓடுபவனை இரட்டிப்பாக மதியுங்கள்.

கைகளைப் பற்றி எல்லாரும் அதிகம் பேசுகிறார்கள், நான் குறைவாகத்தான் எழுதுகிறேன். பந்தை நெஞ்சில் அணைத்துப் பிடிக்கிறானா, உடம்பிலிருந்து தள்ளிக் கைகளால் பிடிக்கிறானா, கடைசி நொடிவரை கையை உயர்த்தாமல் கார்னரிடம் மறைக்கிறானா என்று பாருங்கள். தவறவிட்ட பந்துகளை எண்ணுங்கள், ஆனால் பதறாதீர்கள். 2021இல் புதுமுக ரிசீவர் ஜமார் சேஸ் சீசனுக்கு முந்தைய ஆட்டங்களில் பந்துகளை நழுவவிட்டபோது எவ்வளவு பேச்சு! அந்த வருடமே, பிடித்த பந்துகளில் முன்னேறிய தூரமாக மொத்தம் 1,455 யார்டு எடுத்தார்.

இனி எண்கள். டிராஃப்டுக்கு முன் கல்லூரி ஆட்டக்காரர்களை அளந்து சோதிக்கும் கம்பைன் இண்டியானாபொலிஸில் நடக்கும். 40 யார்டு ஓட்டத்துக்குத்தான் கைதட்டல். 2017இல் ரிசீவர் ஜான் ராஸ் 4.22 நொடியில் ஓடினார், ஒன்பதாவது ஆளாகத் தேர்வானார். முதல் சீசனில் ஒரு பந்துகூடப் பிடிக்கவில்லை. காயங்கள் அவரை விடவேயில்லை. அதே டிராஃப்டில் 4.62இல் ஓடிய கூப்பர் கப் மூன்றாம் சுற்றில், 69ஆவது ஆளாகப் போனார். 2021இல் 145 பிடிப்பு, 1,947 யார்டு, 16 டச்டவுன் எடுத்து மூன்றிலும் லீகிலேயே முதலிடம் பிடித்தார். வேகம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு அளவு வேகம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வீடியோவுக்குத் திரும்பிவிடுங்கள். எடையும் அப்படித்தான். ரிசீவர் டெவாண்டா ஸ்மித் 166 பவுண்ட் என்று தெரிந்ததும் பலர் தயங்கினார்கள். அலபாமா பல்கலைக்கழக ஆட்டங்களில் பிரஸ் கவரேஜை அவர் எப்படிக் கடந்தார் என்று பார்த்தவர்களுக்கு அந்தத் தயக்கம் இருந்திருக்காது.

நான் மதிக்கும் ஒரு எண் உண்டு: பந்தை எறிந்து டீம் எடுத்த பாஸிங் யார்டில் அவன் பங்கு. டீம் 3,000 எடுத்து அவன் 1,050 எடுத்தால் 35 சதவீதம். 30ஐத் தாண்டினால், அதுவும் 19, 20 வயதில் தாண்டினால் நல்லது. ஆனால் பக்கத்தில் யார் ஆடினார்கள் என்று பார்க்காமல் இந்த எண்ணை நம்பாதீர்கள். எங்கள் ஊர் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் டெரி மெக்லாரின் கடைசி வருடத்தில் 35 பந்துதான் பிடித்தார். அங்கே ரிசீவர்கள் நிறைய, பந்து ஒன்றுதான். பந்து வராத நேரத்தில் அவர் என்ன செய்தார் என்று பாருங்கள்: பிளாக் செய்தார், அதாவது தன் ஆளுக்கு வழிவிட எதிரணியைத் தடுத்தார்; பந்தை எதிரணிக்கு உதைத்துத் தரும் பண்ட்டின்போது முதல் ஆளாக ஓடிப்போய் பந்தை எடுத்தவனை விழுத்தினார். டிராஃப்டுக்குப் போகும் கல்லூரி ஆட்டக்காரர்களுக்காக மோபில் நகரில் நடக்கும் சீனியர் பௌல் ஆட்டத்தின் பயிற்சியில் ஒருவருக்கு ஒருவர் மோதும்போது கார்னர்களால் அவருடன் ஈடுகொடுக்க முடியவில்லை. 76ஆவது ஆளாகப் போய், வாஷிங்டனுக்கு முதல் வருடமே 919 யார்டு எடுத்தார். சீனியர் பௌல் வாரத்துப் பயிற்சி வீடியோக்கள் கிடைத்தால் விடாதீர்கள். மறைக்க எதுவும் இல்லாத இடம் அது.

இப்போது அந்த முந்தைய வருடத்து ஆட்டம். 2019இல் எல்எஸ்யூ (லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) ரிசீவர் ஜஸ்டின் ஜெஃபர்சன் 111 பந்து பிடித்து 1,540 யார்டு எடுத்தார், பெரும்பாலும் ஸ்லாட்டில், அதாவது ஓரத்தில் நிற்கும் ரிசீவருக்கு உள்பக்கமாக, நின்று. ஸ்லாட்டில் பிரஸ் குறைவு, இடம் அதிகம். நான்கு ஆட்டம் பார்த்தேன், நான்கும் 2019. "ஸ்லாட் மட்டும்தான். இரண்டாம் சுற்று" என்று நோட்டில் எழுதினேன். 22ஆவது ஆளாக மினசோட்டா எடுத்தது. முதல் வருடமே 1,400 யார்டு, அதுவும் வெளியே நின்று. எங்கே தவறினேன் என்று தேடிப் போனபோதுதான் 2018 ஆட்டங்களைப் பார்த்தேன். அந்த வருடம் அவர் பெரும்பாலும் வெளியேதான் நின்றிருக்கிறார், 875 யார்டோடு டீமிலேயே முதலிடம். நான் தேடிய பதில் ஒரு வருடம் பின்னால் இருந்திருக்கிறது.

பக்கத்தைக் கம்பைனுக்கு முன்பே நீல மையில் எழுதி, தேதி போட்டு முடித்துவிடுங்கள். கம்பைனுக்குப் பிறகு தோன்றுவதைச் சிவப்பில், கீழே, தனியாக எழுதுங்கள். நீல எழுத்தை அடிக்கவோ திருத்தவோ கூடாது. மூன்று சீசன் கழித்துத் திறந்து, அவன் எங்கே இருக்கிறான் என்று பச்சையில் ஒரு வரி. ஜெஃபர்சன் பக்கத்தில் அந்தப் பச்சை வரியை எழுதும்போது மகனும் பக்கத்தில் இருந்தான். நீல வரியைப் படித்துவிட்டு, "2018 பாத்திருந்தா நான் சொல்லியிருப்பேன்ப்பா" என்றான்.