பனிக்காலத்தில் வாடகைக் கார்: இன்சூரன்ஸ் எடுக்கலாமா?

கவுண்டரில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்பார்கள்; யோசிக்க நேரம் இருக்காது. முந்தின நாளே கிரெடிட் கார்டு நிறுவனத்துக்குப் போன் போட்டு, வாடகைக் காருக்குக் கார்டிலேயே பாதுகாப்பு உண்டா என்று கேளுங்கள். பல கார்டுகளில், வாடகை முழுவதையும் அதிலேயே கட்டி, கவுண்டரில் தரும் சேதப் பாதுகாப்பை வேண்டாம் என்றால்தான் கார்டின் பாதுகாப்பு செல்லும். அடுத்தவர் வண்டிக்கு நேரும் சேதம் பெரும்பாலும் அதில் சேராது.

அப்புறம், விலக்குப் பட்டியல்: இன்சூரன்ஸ் எதற்கெல்லாம் செல்லாது என்பது. எல்லாம் எடுத்தாச்சு என்று ஒருமுறை நிம்மதியாக ஓட்டினேன். முன்னால் போன லாரியின் சக்கரத்திலிருந்து தெறித்த கல், கண்ணாடியில் மிளகளவு தழும்பு வைத்தது. மறுநாள் காலை உறைகுளிரில் ஹீட்டரைப் போட்டதும் அது ஒரு முழ விரிசலாக ஓடிவிட்டது. கண்ணாடி, டயர், அடிப்பாகம் மூன்றும் பல திட்டங்களில் கிடையாது. பனிச்சாலையில் அடிபடுவதே அவைதான்!

மலைப்பாதை என்றால் அவற்றையும் சேர்த்தே எடுப்பேன். நகருக்குள் இரண்டு நாள்தான், கார்டும் கைகொடுக்கும் என்றால் விட்டுவிடுவேன்.