விண்டோஸை அழிக்காமல் உபுண்டு ஓட்டலாம்

உபுண்டு போன்ற லினக்ஸ் பழக வேண்டும் என்றதும் ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்து டூயல் பூட் (ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஓ.எஸ்.) போடக் கிளம்பிவிடாதீர்கள். வீட்டில் இருப்பதே ஒரு லேப்டாப்தான், ஆபீஸ் வேலையும் அதில்தான் என்றால், விண்டோஸுக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் போல ஒரு விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற சாஃப்ட்வேர் போதும். இலவசம், பிடிக்கவில்லையென்றால் அந்த மெஷினை மட்டும் அழித்துவிட்டுப் போகலாம்.

முதலில் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் சி.பி.யு. பாருங்கள். விர்ச்சுவலைசேஷன் எனேபிள்டு என்று இருந்தால் சரி. இல்லாவிட்டால் லேப்டாப் ஆன் ஆகும்போதே பயாஸ் என்ற அடிப்படை செட்டிங்ஸுக்குள் போய் (எஃப்2, எஃப்10, டெலீட், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) இன்டெல் என்றால் வி.டி.-எக்ஸ், ஏ.எம்.டி. என்றால் எஸ்.வி.எம். என்ற பெயரில் இருப்பதை ஆன் செய்ய வேண்டும்.

அடுத்தது ரேம், பாதிப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். மொத்தமே 8 ஜி.பி. வைத்துக்கொண்டு அதில் 4-ஐ உபுண்டுவுக்குக் கொடுத்தால் விண்டோஸ் பக்கம் குரோமில் நாலு டேப் திறந்ததுமே திணறும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் இன்னொரு 8 ஜி.பி. வாங்கிப் போடுங்கள், ஆனால் கிளம்பும் முன் உங்கள் ரேம் வகை டி.டி.ஆர்.4-ஆ 5-ஆ, காலி ஸ்லாட் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், சில மாடல்களில் ரேமை போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள், அங்கே போய் நின்றுகொண்டு முழிக்கக் கூடாது.

உபுண்டு 24.04-ஐ நிறுவுவதற்கான ஐ.எஸ்.ஓ. ஃபைல் 5 ஜி.பி.க்கு மேல் வரும், மொபைல் டேட்டாவில் இறக்காதீர்கள். புது மெஷின் உருவாக்கும்போது அன்அட்டெண்டட் இன்ஸ்டலேஷன் (தானாகவே நிறுவிக்கொள்வது) வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதை விட்டுவைத்தால் சுடோ (அட்மின்) உரிமை இல்லாத யூசரோடு உட்கார்ந்திருக்க நேரலாம். 2 கோர், 25 ஜி.பி. டிஸ்க் கொடுங்கள். அந்த 25-உம் உடனே போய்விடாது, உள்ளே எழுத எழுதத்தான் ஃபைல் வளரும். ஆனால் உள்ளே அழித்தால் அது தானாகச் சுருங்காது.

ஏறியதும் திரை சின்னதாகத் தெரிந்தால் டிவைசஸ் மெனுவில் கெஸ்ட் அடிஷன்ஸ் சி.டி.யைச் செருகி நிறுவுங்கள், திரையும் காப்பி-பேஸ்டும் அதோடு சரியாகும். காப்பி-பேஸ்டுக்கு மட்டும் கூடவே ஷேர்டு கிளிப்போர்டை பைடைரக்ஷனல் (இரு பக்கமும்) ஆக்க வேண்டும். கீழே ஓரத்தில் பச்சை ஆமை தெரிந்தால் விண்டோஸின் சொந்த விர்ச்சுவலைசேஷனான ஹைப்பர்-வி குறுக்கே நிற்கிறது என்று அர்த்தம். மெதுவாக ஓடும், ஆனாலும் ஓடும். வேகத்துக்காக விண்டோஸின் பாதுகாப்பு வசதியான மெமரி இன்டெக்ரிட்டியை அணைக்கச் சொல்வார்கள், பேங்க் வேலை பார்க்கும் லேப்டாப்பில் நான் அதைத் தொட மாட்டேன்.

எல்லாம் ஓடியதும் ஒரு ஸ்னாப்ஷாட் (மெஷினின் அப்போதைய நிலையின் பதிவு) எடுத்துவிடுங்கள். அப்புறம் டெர்மினலில் எதை வேண்டுமானாலும் தட்டிப் பாருங்கள், கெட்டுப்போனால் மெஷினை அணைத்துவிட்டு ரிஸ்டோர் கொடுத்தால் பழைய நிலைக்கு வந்துவிடும்.