படுக்கையைக் காயவிட்டு விரியுங்கள்

தினமும் காலையில் படுக்கையைத் தட்டி விரிக்கத்தான் வேண்டுமா என்றால், கட்டாயம் வேண்டும் என்பேன். ஆனால் எழுந்த கையோடு வேண்டாம்.

காரைக்குடியில் எங்கள் வீட்டில் ஒரு கார்த்திகை மாதம், விடாத மழை. கண் விழித்ததும் விரிப்பை இழுத்துவிட்டு, மேலே கனமான ஜமுக்காளத்தைப் போட்டு மூடிவிடுவேன். பார்க்க லட்சணமாக இருக்கும். மாதக் கடைசியில் மெத்தையைப் புரட்டினால் அடியில் மிளகுப்பொடி தூவியதுபோலப் பூஞ்சை. அப்பத்தா வைத்திருந்த இலவம்பஞ்சு மெத்தை அது. பிரித்துப் பஞ்சையே மாற்ற வேண்டியதாகிவிட்டது. இன்றும் மனசு ஆறவில்லை.

எழுந்தவுடன் முதுகு பட்ட இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பும் லேசான பிசுபிசுப்பும் தெரியும். ராத்திரி வேர்த்த வேர்வை. அதை மூடினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிக்கு அந்த ஈரம்தான் உயிர். அது தண்ணீர் குடிப்பதில்லை, காற்றில் இருக்கும் ஈரத்தை உடம்பால் இழுத்துப் பிழைக்கிறது. விரிக்காமல் விட்ட படுக்கையில் இந்தப் பூச்சி காய்ந்து சாகலாம் என்று 2005-இல் இங்கிலாந்தில் கிங்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சொன்னார்கள். அதற்காக நாள் முழுக்க அப்படியே போட்டு வைக்க முடியுமா? ஆடிக் காற்றில் நம் ஊர் செம்மண் புழுதி ஜன்னல் வழியாக வந்து தலையணையில்தான் உட்காரும்.

அதனால் எழுந்ததும் போர்வையைக் கால்மாட்டுக்குத் தள்ளி, ஜன்னலைத் திறந்து, ஃபேனை ஓடவிட்டு வெளியே வந்துவிடுங்கள். வாசல் தெளித்து, கோலம் போட்டு, காபி குடிப்பதற்குள் முக்கால் மணி நேரம் ஓடிவிடும். அப்புறம் தொட்டுப் பாருங்கள், பிசுபிசுப்பு போயிருக்கும்.

விரிப்பை அறைக்குள் உதறாதீர்கள். நான் வீட்டு நடுவில் திறந்திருக்கும் வளவு வாசலுக்கு, அதாவது முற்றத்துக்கு, எடுத்துப் போவேன். இரண்டு முனையையும் பிடித்து ஓங்கி நான்கு உதறு. சாய்வாக விழும் காலை வெயிலில் தூசி பொன்னாகப் பறப்பது தெரியும். நேற்று ராத்திரி அதன்மேல்தான் கன்னம் வைத்துத் தூங்கியிருக்கிறோம்! தலையணையை இரண்டு கையாலும் தட்டி வையுங்கள். விரிப்பைக் கால்மாட்டில் முதலில் செருகி, தலைமாட்டுக்கு இழுத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவிவிட்டால் சுருக்கம் நிற்காது. மேலே மெல்லிய பருத்தித் துணி ஒன்று போதும். புழுதி அதில் தங்கும், ராத்திரி சுருட்டி எடுத்துவிடலாம். எல்லாம் சேர்த்து மூன்று நிமிஷ வேலை.

விரிப்பும் உறையும் வாரம் ஒருமுறை துவைக்க வேண்டும். பஞ்சு மெத்தையை மாதம் ஒருமுறை மொட்டை மாடி வெயிலில் போட்டு, மதியம் புரட்டிவிட்டு, குச்சியால் அடித்து எடுங்கள். ஃபோம் மெத்தைக்கு வெயில் ஆகாது, நாளடைவில் நொறுங்கும். அதைச் சுவரில் சாய்த்து, ஒரு மதியம் முழுக்க ஃபேன் காற்றில் நிறுத்தினால் சரி.