டெவலப்பரிலிருந்து ப்ராஜெக்ட் மேனேஜர்: பெங்களூரில் வேலை பார்ப்பவர்களுக்கு

ஒயிட்ஃபீல்டிலோ எலெக்ட்ரானிக் சிட்டியிலோ மூன்று நான்கு வருடம் டெவலப்பராகவோ டெஸ்டராகவோ இருந்துவிட்டு, அடுத்து ப்ராஜெக்ட் மேனேஜர் ஆகலாமா என்று யோசிக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர். பெரும்பாலோர் முதலில் கேட்பது எந்தச் சான்றிதழ் எடுக்கலாம் என்றுதான். அதைப் பின்னால் பார்ப்போம். பதவி வருவதற்கு முன்பே அந்த வேலையில் ஒரு பங்கை உங்கள் கையில் எடுத்துக்கொள்வதுதான் சரியான தொடக்கம்.

படி 1: மினிட்ஸ் எழுதும் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள்

மினிட்ஸ் என்றால் மீட்டிங்கில் முடிவானதைக் குறித்துவைப்பது. யாரும் விரும்பாத வேலை என்பதால் கேட்டதும் கிடைத்துவிடும். மூன்றே விஷயம் எழுதினால் போதும்: என்ன வேலை, யார் செய்வார், எந்தத் தேதிக்குள். ‘டீம் பார்த்துக்கொள்ளும்’ என்று மட்டும் எழுதாதீர்கள். ஒரு வேலைக்கு ஒரே ஒரு பெயர். மீட்டிங் நடந்த அன்றே எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.

பெங்களூர் டீம்களில் இது கூடுதலாக உதவும். டீக்கடையில் நாலு தமிழர்கள் சேர்ந்தால் பாதி முடிவு தமிழிலேயே எடுத்துவிடுவோம். பக்கத்து சீட்டில் இருக்கும் கன்னடக்காரருக்கும் லக்னோ பையனுக்கும் அது தெரியாது. அங்கே பேசியதையும் அன்றைக்கே மெயிலில் போடுங்கள். எல்லோரும் உங்களை நம்புவார்கள்.

படி 2: எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்று வரையுங்கள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். ஓர் உதாரணம். ஒரு செயலியில் பணம் செலுத்தும் பக்கம் வர வேண்டும். திரை வடிவமைப்புக்கு 3 நாள், அது முடிந்ததும் கோடிங்குக்கு 8 நாள். ஆக 11 நாள். வங்கியின் அனுமதிக்கு 12 நாள். அதை முதல் நாளே தொடங்கிவிடலாம். கோடிங், அனுமதி இரண்டும் முடிந்த பிறகுதான் டெஸ்டிங், அதற்கு 4 நாள். மொத்தம் 16 நாள்.

இப்போது கவனியுங்கள். கோடிங் ஒரு நாள் தள்ளிப்போனால் ரிலீஸ் தேதி நகராது. வங்கி ஒரு நாள் தாமதித்தால் எல்லாமே ஒரு நாள் தள்ளும். தாமதமானால் மொத்தத்தையும் தாமதமாக்கும் இந்த வரிசைக்குக் கிரிட்டிக்கல் பாத் என்று பெயர். டெவலப்பரைத் தினமும் துரத்துவதைவிட, முதல் நாள் காலையிலேயே வங்கிக்கு விண்ணப்பம் போய்விட்டதா என்று பார்ப்பதுதான் மேனேஜரின் வேலை. இதற்கு எக்செல் போதும். ஜிரா, எம்எஸ் ப்ராஜெக்ட் போன்ற திட்டமிடும் மென்பொருள்களை எல்லாம் அப்புறம் பழகிக்கொள்ளலாம்.

படி 3: விடுமுறைகளைக் கணக்கில் சேருங்கள்

பொங்கலுக்கு நாம் ஊருக்குக் கிளம்பிவிடுவோம். உகாதிக்குத் தெலுங்கு, கன்னட நண்பர்களும் ஓணத்துக்கு மலையாளிகளும் இருக்க மாட்டார்கள். நவம்பர் 1 ராஜ்யோத்சவா, கர்நாடக மாநிலம் உருவான நாள். அமெரிக்க கிளையன்ட் என்றால் நவம்பர் நான்காவது வியாழன் அவர்களுக்கு விடுமுறை. டிசம்பர் கடைசியில் பல நிறுவனங்கள் புது ரிலீஸை அனுமதிப்பதில்லை. இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் தேதி சொல்ல வேண்டும்.

படி 4: ஸ்டேட்டஸ் மெயிலில் கெட்ட செய்தியை மேலே வையுங்கள்

‘வேலை நடந்துகொண்டிருக்கிறது’ என்ற வரியால் யாருக்கும் பயனில்லை. இப்படி எழுதலாம்: ‘வங்கி அனுமதி இன்னும் வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் ரிலீஸ் 18லிருந்து 20ஆம் தேதிக்குப் போகும். வங்கி மேலாளரிடம் நீங்கள் இன்று பேசினால் உதவியாக இருக்கும். திரை வடிவமைப்பு முடிந்தது.’ என்ன சிக்கல், என்ன விளைவு, யார் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் நாலு வரியில் வந்துவிட்டது. மேலதிகாரிக்குக் கோபம் வரலாம், பரவாயில்லை. 18ஆம் தேதி மாலையில் சொன்னால் அதைவிடப் பெரிய கோபம் வரும், சரிசெய்ய நேரமும் இருக்காது.

படி 5: சான்றிதழ்

அமெரிக்காவில் 1969இல் தொடங்கிய பிஎம்ஐ (ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிட்யூட்) அமைப்பு ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்கு நடத்தும் பிஎம்பி தேர்வுக்கு இங்கே நல்ல மதிப்பு உண்டு. பி.இ. போன்ற நான்கு வருடப் பட்டம் இருந்தால், ப்ராஜெக்ட்களை வழிநடத்திய 36 மாத அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் வேண்டும். மேனேஜர் என்ற பதவிப் பெயர் கட்டாயமில்லை, செய்த வேலைதான் கணக்கு. அதனால் எந்த மாதம் எந்த ப்ராஜெக்ட்டில் என்ன செய்தீர்கள் என்று இன்றிலிருந்தே குறித்து வையுங்கள். விண்ணப்பத்தைத் தணிக்கைக்கு எடுத்தால் பழைய மேலாளர்கள் உறுதிசெய்ய வேண்டியிருக்கும், அவர்களோடு தொடர்பு விட்டுப்போக வேண்டாம். அனுபவம் இன்னும் சேரவில்லை என்றால் 23 மணி நேரப் பயிற்சியோடு அதே அமைப்பின் ஆரம்பநிலைத் தேர்வான கேப்எம் எழுதலாம்.

படி 6: வாயைத் திறந்து கேளுங்கள்

வெளியே விண்ணப்பிப்பதற்கு முன் உங்கள் மேனேஜரிடம் ஒரு சின்ன ரிலீஸை முழுசாக உங்களிடம் விடச் சொல்லுங்கள். அப்ரைசலுக்குச் சில மாதம் முன்பே கேட்டால்தான் செய்து காட்ட நேரம் இருக்கும். இன்டர்வியூவில் தேதி தள்ளிப்போனபோது என்ன செய்தீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். கம்பெனிக் கோப்புகளைக் காட்டக் கூடாது. எது தாமதமானது, எத்தனை நாள், யாரிடம் எப்போது சொன்னீர்கள், கடைசியில் எந்தத் தேதியில் முடிந்தது என்பதை வரிசையாக இரண்டு நிமிடத்தில் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.