புடாபெஸ்ட் முதல் தடவையா? பணம், மெட்ரோ, வெந்நீர்க் குளியல், சாப்பாடு: வரிசையாகச் சொல்கிறேன்

ஹங்கேரியின் தலைநகரில் என்ன பார்க்கலாம் என்று கேட்டால் பதில் சொல்வது சுலபம். டான்யூப் ஆற்றங்கரையில் நின்றாலே நாடாளுமன்றம், சங்கிலிப் பாலம், கோட்டை மேடு எல்லாம் கண்ணுக்குப் பட்டுவிடும். எந்த ஏடிஎம்மில் பணம் எடுப்பது, மெட்ரோவுக்கு எந்தப் படிக்கட்டில் இறங்குவது, குளியல் கூடத்தில் துணியை எங்கே வைப்பது என்பதையெல்லாம்தான் யாரும் விளக்கமாக எழுதுவதில்லை. விசா, விமானம், தங்குமிடம் மூன்றும் தயார் என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

படி 1: பணம்

ஹங்கேரி ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அங்கே யூரோ கிடையாது, ஃபோரின்ட்தான். சில கடைகளில் யூரோவும் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் அவர்கள் போடும் கணக்கு நமக்குக் கட்டுப்படியாகாது. பெரும்பாலான இடங்களில் கார்டே போதும். சந்தைக்கும் சின்னக் கடைகளுக்கும் மட்டும் கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ரொக்கத்தை வங்கிக் கிளையை ஒட்டியிருக்கும் ஏடிஎம்மில் எடுங்கள். சுற்றுலாத் தெருக்களில் பளபளவென்று தனியாக நிற்கும் இயந்திரங்களைத் தாண்டிப் போய்விடுங்கள். எந்த ஏடிஎம்மானாலும் கடைசியில் ஒரு திரை வரும்: "இந்த விகிதத்தில் உங்கள் நாட்டுப் பணமாக மாற்றிக் கணக்கில் கழிக்கட்டுமா?" வேண்டாம் என்று அழுத்துங்கள். மறுத்தால் பணமே வராதோ என்று பயந்து பலர் ஒப்புக்கொள்கிறார்கள். வரும். மாற்று விகிதத்தை உங்கள் வங்கி பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். கடையில் கார்டு தேய்க்கும்போது இதே கேள்வி வந்தாலும் ஃபோரின்டையே தேர்ந்தெடுங்கள்.

படி 2: விமான நிலையத்திலிருந்து ஊருக்குள்

100ஈ பேருந்து நேராக டெயாக் ஃபெரென்ஸ் சதுக்கத்தில் கொண்டுவந்து விடும். அதற்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும், சாதாரண டிக்கெட் செல்லாது. செலவைக் குறைக்க நினைத்தால் 200ஈ பேருந்தில் ஏறி, நடுவில் எம்3 மெட்ரோவுக்கு மாறலாம். பெட்டி கனமாக இருந்தால் 100ஈ-தான் என் கட்சி.

படி 3: மெட்ரோ, அந்த மஞ்சள் ரயில்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

புடாபெஸ்ட் மெட்ரோவுக்குள் போகப் பெரும்பாலும் தானியங்கிக் கதவு எதுவும் குறுக்கே நிற்காது. ஆள் பாட்டுக்கு நடந்து போய்விடலாம். அதனாலேயே புதிதாக வருபவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். காகித ஒற்றை டிக்கெட்டை வாங்கிப் பையில் வைத்தால் போதாது, நகரும் படிக்கட்டுக்கு முன்னால் நிற்கும் சின்ன இயந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும். ஆப்பில் வாங்கிய ஒற்றை டிக்கெட் என்றால் அங்கே ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்ய வேண்டும். பரிசோதகர்கள் கையில் பட்டை கட்டிக்கொண்டு நிற்பார்கள். சுற்றுலாப் பயணி, தெரியாது என்றெல்லாம் சொல்லித் தப்பிக்க முடியாது.

என் யோசனை: ஒற்றை டிக்கெட்டே வேண்டாம். 24 அல்லது 72 மணி நேரப் பாஸ் வாங்குங்கள், முத்திரைத் தொல்லை விட்டது. அதையும் நகரப் போக்குவரத்தின் புடாபெஸ்ட்கோ ஆப்பில் வாங்குவதைவிட, ஊதா நிற இயந்திரத்தில் காகிதமாக வாங்குவது எனக்குப் பிடிக்கும். ஃபோனில் சார்ஜ் தீர்ந்த நேரம் பார்த்துத்தான் பரிசோதகர் வருவார்.

அடுத்தது எம்1, அதுதான் அந்த மஞ்சள் ரயில். 1896இல் திறந்த பாதை; ஐரோப்பியப் பெருநிலத்தின் முதல் சுரங்க ரயில். 2002இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஆந்த்ராஷி சாலைக்கு அடியில் அதிக ஆழமில்லாமல் ஓடுகிறது. நாலு படி இறங்கினால் நடைமேடை, வெள்ளை ஓடு பதித்த சுவர், இரும்புத் தூண்கள். சிக்கல் என்னவென்றால், அந்தச் சாலையின் நடுப்பகுதி நிலையங்களில் ஒவ்வொரு திசைக்கும் வேறு வாசல். தவறான பக்கம் இறங்கிவிட்டால் எதிர் நடைமேடைக்கு உள்ளேயே போக வழியில்லை. மேலே ஏறி, சாலையைக் கடந்து, மறுபடி இறங்க வேண்டும்.

மனதில் வைத்துக்கொள்ள ஒரு வழி: போக வேண்டிய திசையைப் பார்த்துச் சாலையில் நில்லுங்கள், உங்கள் வலக்கைப் பக்கத்துப் படிக்கட்டில் இறங்குங்கள். குளியல் கூடத்துக்கும் மாவீரர் சதுக்கத்துக்கும் போக மெக்சிகோய் ஊத் என்ற பலகை, ஆற்றுப் பக்கம் திரும்ப வொரொஷ்மார்ட்டி தேர் என்ற பலகை. (1973 வரை இந்த ரயில் இடப்பக்கமாக ஓடியதாம். அப்போது எழுதியிருந்தால் இந்தக் குறிப்பைத் தலைகீழாகத்தான் எழுதியிருப்பேன்.)

படி 4: பார்க்க வேண்டியவை

நாடாளுமன்றத்தை உள்ளே போய்ப் பார்க்க, இணையத்தில் முன்கூட்டியே நேரம் குறித்து டிக்கெட் வாங்கிவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்குக் கட்டணம் குறைவு, இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு அதிகம். பிரான்ஸ், ஜெர்மனிக் குடியுரிமை உள்ள தமிழர்கள் மறக்காமல் அடையாள அட்டையை எடுத்துப் போங்கள். கோபுரக் கூடத்தில், ஹங்கேரியின் முதல் மன்னர் புனித இஷ்த்வானின் பெயரால் வழங்கும் கிரீடம் இருக்கிறது. அதன் உச்சியிலிருக்கும் சிலுவை சாய்ந்திருக்கும், பார்த்தாலே தெரியும். கோபுரத்தின் உயரம் 96 மீட்டர். ஊரின் பெரிய பேராலயமும் அதே 96 மீட்டர். ஹங்கேரியர்கள் அங்கே குடியேறியதாகக் கொண்டாடும் 896ஆம் ஆண்டைக் குறிக்கும் எண் அது.

வெளியே வந்து ஆற்றோரமாகத் தெற்கே நடந்தால் இரும்பில் வார்த்த காலணிகள் வரிசையாக இருக்கும், 60 ஜோடி. 1944, 45இல் ஹங்கேரிய நாஜிகளான அம்புச் சிலுவைக் கட்சியினர் யூதர்களைக் காலணியைக் கழற்றச் சொல்லிச் சுட்டு ஆற்றில் தள்ளியதன் நினைவு. ஆண் செருப்பு, பெண் செருப்பு, குழந்தையின் சின்னச் சப்பாத்து. அதில் கால் நுழைத்துப் படம் எடுப்பவர்களைப் பார்க்கத்தான் எரிச்சலாக இருக்கிறது.

கோட்டை மேட்டுக்குக் கயிற்று ரயிலில் போக நம் பாஸ் செல்லாது, வரிசையும் நீளம். டெயாக் சதுக்கத்தில் 16ஆம் எண் பேருந்தைப் பிடியுங்கள், பாஸிலேயே மேலே போய்விடலாம். அந்த மேட்டிலேயே இருக்கும் மீனவர் கொத்தளத்தின் மேல்தளத்துக்கு டிக்கெட் உண்டு. கீழ்த்தளம் இலவசம், காட்சி கிட்டத்தட்ட அதேதான். இரவில் விளக்கெரியும் நாடாளுமன்றத்தைப் பார்க்க எம்2-வில் பாத்யானி சதுக்கம் போங்கள், நேரெதிரே நிற்கும். 2ஆம் எண் டிராமை விட்டுவிடாதீர்கள். ஆற்றை ஒட்டியே ஓடும் அதற்குப் பிறகு படகுச் சவாரி அவசியமா என்று நீங்களே கேட்பீர்கள்.

படி 5: செசேனி வெந்நீர்க் குளியல்

1913இல் திறந்த மஞ்சள் கட்டடம், எம்1-இல் அதே பெயர் நிலையம். டிக்கெட் எடுக்கும்போது லாக்கரா, கேபினா என்று கேட்கும். லாக்கர் என்றால் ஆண்கள், பெண்கள் தனித்தனிப் பொது அறையில் உடை மாற்ற வேண்டும். கேபின் என்றால் பூட்டக்கூடிய சின்ன அறை. தம்பதியாகப் போனால் ஒரே கேபினில் இருவரும் மாற்றிக்கொள்ளலாம். கூட்டத்தில் உடை மாற்றக் கூச்சப்படுபவர்கள் யோசிக்காமல் கேபின் எடுங்கள், கட்டண வித்தியாசம் பெரிதில்லை.

உள்ளே போகும்போது கையில் ஒரு பட்டை தருவார்கள். வாசலுக்கும் பூட்டுக்கும் அதுதான் சாவி. துண்டு, ரப்பர் செருப்பு, நீச்சல் உடை மூன்றையும் கொண்டுபோங்கள், அங்கே வாங்கினால் விலை அதிகம். குளத்தில் இறங்குமுன் ஷவரில் குளிக்க வேண்டும். நீச்சலுக்கான நடுக்குளத்தில் தலைக்கு உறை கட்டாயம், வெந்நீர்க் குளங்களில் தேவையில்லை. வெளியே இருக்கும் சூடான குளம் 38 டிகிரி வரை இருக்கும். சதுரங்கப் பலகையோடு கழுத்தளவு நீரில் நிற்கும் பெரியவர்களை அங்கே பார்க்கலாம். இருபது நிமிடத்துக்கு மேல் ஒரேயடியாக உட்காராதீர்கள், தலை சுற்றும். குழந்தைகளோடு போகிறவர்கள் வயது விதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

படி 6: சாப்பாடு

குலாஷ் அங்கே குழம்பு அல்ல, மாட்டிறைச்சி சூப். சைவர்களுக்கு முதல் அடைக்கலம் லாங்கோஷ்: எண்ணெயில் பொரித்த தட்டையான மாவுரொட்டி, மேலே பூண்டு, புளித்த க்ரீம், துருவிய பாலாடைக்கட்டி. 1897இல் திறந்த பெரிய சந்தையின் மாடியில் கிடைக்கும். மேலே இதைப் போடவா, அதைப் போடவா என்று கேட்டுக்கொண்டே விலையை ஏற்றுவார்கள், க்ரீமும் பாலாடைக்கட்டியும் போதும் என்று நிறுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை போவதானால் சந்தை திறந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்தது ஃபோசெலேக். பட்டாணி, பூசணி, பயறு என்று ஒரே காயையோ பருப்பையோ கெட்டியாக வேகவைத்துத் தருவது, நம் கூட்டு மாதிரி. மேலே வைக்கும் கறித்துண்டை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். வார நாட்களில் மதிய மெனு போடும் சின்ன உணவகங்களில் மலிவு.

பின்னூட்டங்களுக்குப் பிறகு சேர்த்தது

ஃபோசெலேக் முழுச் சைவமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். எப்போதும் இல்லை. சில இடங்களில் மாவைப் பன்றிக் கொழுப்பில் வறுத்துச் சேர்ப்பார்கள், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். உருளைக்கிழங்கு அடுக்கு என்று நம்பி வாங்கும் ரகோத் க்ரும்ப்லியிலும் பெரும்பாலும் சாசேஜ் இருக்கும்.

டிப்ஸ் பற்றி: பில்லில் சேவைக் கட்டணம் சேர்த்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள், சேர்த்திருந்தால் மேலே எதுவும் வைக்க வேண்டாம். ரொக்கமாகப் பெரிய நோட்டை நீட்டும்போது உடனே நன்றி சொல்லாதீர்கள். மீதி உங்களுக்கே என்று சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள். சில்லறை கைக்கு வந்த பிறகு சொல்லுங்கள்.